பிலாத்து கை கழுவிய சனிக்கிழமை

"அக்கா, இந்தத் தாள்ல பூனைக்கு ஆகாதுன்னு போட்டிருக்கு."

"எது ஆகாது?"

"இந்த லில்லி."

"ஆகாதுன்னா? வயித்தால போகுமா?"

"கிட்னி போயிருமாம்."

"யாருக்கு?"

"பூனைக்குத்தான்க்கா."

பிளெஸ்ஸி அக்கா கையிலிருந்த லில்லிக் கிழங்கைக் கீழே வைத்தார். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து வலது முன்னங்காலை நக்கிக் காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தார்.

"டேய் பிலாத்து, இங்கிட்டு பாரு. இது ஒனக்கு விஷமாம். திம்பியா?"

பூனை இடது காலுக்கு மாறியது.

"அவனா திம்பான்?" என்றார் அக்காவின் தம்பி பீட்டர் அண்ணன். பழுது பார்க்கக் கொண்டுவந்த பைக் ஒன்றை வாசலில் பிரித்துப் போட்டிருந்தார். "நெத்திலியிலயே தலையக் கிள்ளி வச்சாத்தான் வாய் வைக்கிறான். எலையத் திங்க அவன் என்ன மாடா?"

"நீ சும்மா இருடா. படிச்ச பிள்ள சொல்லுது." அக்கா என் பக்கம் திரும்பினார். "கடிக்க விடாம பாத்துக்கிட்டா சரிதானே? ஒவ்வொரு தொட்டியையும் பஞ்சாரம் போட்டு மூடிர்றேன். கோழியவே அடக்குது, செடிய அடக்காதா?"

"சரிக்கா."

"வேற ஏதாச்சும் போட்டிருக்கா?"

கீழே இன்னும் இரண்டு வரி ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குள் பீட்டர் அண்ணன், "சீக்கிரம் வாசிம்மா. ஞாயித்துக்கிழமை வாசகம் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிக்கிறியே!" என்று சிரித்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"அவ்வளவுதான்க்கா," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இது நடந்தது ஜனவரியில், ஆவூரில். எனக்குச் சொந்த ஊர் அரிமளம். மாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதும் வேலை கிடைத்ததும், பிளெஸ்ஸி அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாக வாடகைக்கு வந்தேன். வந்த முதல் வாரத்திலேயே, நான் பேசுவதைவிட மெசேஜ் போடுவது அதிகம் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டார். 'மோட்டார் போடலாமா அக்கா?' என்று மாடியிலிருந்து மெசேஜ் போடுவேன். கீழேயிருந்து, "போடு பிள்ள!" என்று தெருவுக்கே கேட்கும்படி பதில் வரும்.

அக்காவின் குரல் அப்படிப்பட்டது. அங்கன்வாடியில் பதினேழு வருடமாக டீச்சர். மூன்று வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் குரலை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைத்துவிட்டு வர முடியாது அல்லவா? குவைத்தில் இருக்கும் கணவர் ஜஸ்டின் அண்ணனோடு வீடியோவில் பேசும்போதும், "சாப்ட்டாச்சா? தட்டக் காட்டுங்க" என்பார். அவரும் காட்டுவார். தட்டில் மிச்சம் இருந்தால் திட்டு விழும். தபால்காரர், கேபிள்காரர், பங்குச் சாமியார் என்று எல்லோரும் அவருக்கு மூன்று வயதுதான். ஊரில் எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளைக்கு முட்டை பிடிக்காது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அங்கன்வாடி சம்பளத்துக்கு. ஊர் மாதா கோயிலின் பீடத்தை அலங்கரிப்பது அவராக எடுத்துக்கொண்ட வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறார். நாற்பது நாள் தவக்காலம் முழுக்கப் பூவே இல்லாமல், பெரிய வெள்ளியன்று துணிகூட இல்லாமல் கிடக்கும் பீடத்தை, பெரிய சனிக்கிழமை ஒரே பிற்பகலில் ஈஸ்டருக்குத் தயார் செய்ய வேண்டும். கஞ்சி போட்டு, தேய்த்து, ஒரு மடிப்பு தெரியாமல் வெள்ளைத் துணி விரிப்பார். அதன் மேல் ஜோடித்தது இத்தனை வருடமும் பிளாஸ்டிக் லில்லி. ஈஸ்டர் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, கூடையில் போட்டு, கோயில் சாமான் அறையில் வைத்துவிடுவார்.

"உசிரோட எந்திரிச்சு வர்ற சாமிக்கு உசிரில்லாத பூவா?" என்று இந்த வருடம் அவருக்குத் தோன்றிவிட்டது. என் போனில், மலைப் பிரதேசத்துப் பண்ணை ஒன்றில் பன்னிரண்டு கிழங்குகளுக்கு ஆர்டர் போட வைத்தார். பெட்டி வந்தது. அதோடு வந்ததுதான் அந்தத் தாள்.

பூனையும் அதே சாமான் அறையிலிருந்து வந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், பிளாஸ்டிக் லில்லிக் கூடைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் குட்டி தூங்கிக்கொண்டிருந்ததாம். "லில்லியில பொறந்தவன்" என்பார் அக்கா. லில்லியால் அவனுக்கு ஆபத்து வரும் என்று யாரும் முழுதாக நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். பெயர் வைத்தது பீட்டர் அண்ணன். இயேசுவின் பாடுகளைச் சொல்லி ஈஸ்டரை ஒட்டி ஊரில் நடக்கும் பாஸ்கா நாடகத்தில், பதினோரு வருடமாக அவருக்கு ரோமாபுரி ஆளுநர் பிலாத்து வேஷம். ஊதா அங்கியோடு உட்கார்ந்து, தீர்ப்பு நேரத்தில் கிண்ணத்தில் கையைக் கழுவ வேண்டும். குட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தூங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கையைக் கழுவிக்கொண்டிருந்தது. "என் வேலைய என்னைவிட நல்லா பாக்குறான்க்கா," என்றார் பீட்டர் அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது.

வெளியில் அக்கா அவனைத் திட்டுவதுதான் கேட்கும். "ஓசிச் சோறு", "சோம்பேறி", "வேலை வெட்டி இல்லாதவன்." ஆனால் அங்கன்வாடியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் தேடுவது அவனைத்தான். ஜஸ்டின் அண்ணன் குவைத்துக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. வீட்டில் அக்கா பேசுவதற்கு, தட்டைக் காட்டாவிட்டாலும் திட்டு வாங்கிக்கொண்டு கூடவே இருக்கும் ஒரே ஆள் அவன்.

பன்னிரண்டு கிழங்கில் ஒன்பது முளைத்தன. ஆவூர் வெயிலுக்கு அது பெரிய விஷயம். வீட்டின் பின்புறம், வேப்பமர நிழலில், ஈரச் சாக்கு சுற்றிய ஒன்பது தொட்டிகள், மேலே ஒன்பது பஞ்சாரங்கள். பக்கத்து வீட்டு ஆள் ஒருவர், "ஒம்போது கோழியா வாங்கியிருக்கீங்க? சத்தமே இல்லையே!" என்று கேட்டுவிட்டுப் போனார். தினமும் காலையில் அக்கா ஒவ்வொரு பஞ்சாரமாகத் தூக்கி வருகைப் பதிவு எடுப்பார். "ஒண்ணு, நிமிந்து நில்லு. நாலு, நேத்துத் தண்ணி குடிக்கல போல. ஏழு, ஒனக்கு மட்டும் ஏன்டி மொட்டு வரல?"

பூனை ஒருநாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் விழுங்கிய இரண்டு வரியை நானே மறந்துவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று காலை முதல் மொட்டு விரிந்தது. சனிக்கிழமை ஒன்பதும் விரிந்திருந்தன. உள்ளங்கையை விரித்தது போன்ற வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஆறு மெல்லிய கம்பிகள். கம்பி நுனியில் துருப்பிடித்த செங்கல் நிறத்தில் மகரந்தப் பை. தொட்டால் விரலில் ஒட்டும். துணியில் பட்டால் போகவே போகாது. கல்யாண மேடை ஜோடிக்கிறவர் ஒருவர் அக்காவுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்: லில்லியை மேடைக்கு ஏற்றும் முன்னால் அந்தப் பைகளைக் கத்தரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிப்பு பாழ்.

பீடத்து வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுக் கறைகூட அக்காவுக்கு ஆகாது. சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும், பழைய பீடத் துணி ஒன்றை மடியில் விரித்து, ஒன்பது பூவின் பைகளையும் நகவெட்டிக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டி அதிலேயே விழவிட்டார். ஐம்பத்து நான்கு பைகள். கை துடைத்ததும் அதே துணியில்தான். பிறகு துணியைச் சுருட்டி நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

சுருட்டிய துணி என்றால் பூனைக்கு மெத்தை. அதுவும் அக்கா மடியில் கிடந்த துணி.

அக்கா குளித்து வந்தபோது பிலாத்து அந்தச் சுருட்டலின் நடுவில் வட்டமாகப் படுத்திருந்தான். மூக்கிலிருந்து வாலடி வரை மஞ்சளும் செம்பும். சாம்பல் பூனை அரைப் புலியாக மாறியிருந்தது. அக்காவுக்கு ஒரே சிரிப்பு. போட்டோ எடுத்து, 'ஈஸ்டருக்கு எங்க வீட்டு மாப்பிள்ளை ரெடி' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, பீட்டர் அண்ணன் நண்பரின் ஆட்டோவில் ஒன்பது தொட்டியையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

அரை நாள் வேலை முடிந்து வந்து நான் மாடியில் படுத்திருந்தேன். மூன்றரை மணிக்கு அந்தப் போட்டோவைப் பார்த்தேன். முதலில் நானும் சிரித்தேன். பிறகு அந்தத் தாளின் கடைசி இரண்டு வரி, அச்சிட்ட எழுத்து மாறாமல் நினைவுக்கு வந்தது. செடியின் எந்தப் பகுதியும் விஷம். உடலில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலே போதும்.

நக்கினாலே போதும். உலகத்தில் வேறு எந்தப் பூனையைவிடவும் அதிகமாக நக்குகிற பூனை கீழே இருந்தது.

அப்போது நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மெசேஜ் போட்டேன். 'அக்கா, அந்தத் தூள் விஷம். பிலாத்துவை உடனே கழுவணும்.' ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழுந்தது. நீலமாகவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன். இன்னொரு மெசேஜ் போட்டேன். அதற்குப் பிறகுதான் கீழே ஓடினேன். பிலாத்து மதில் மேல் உட்கார்ந்து, நிதானமாக, விரல் இடுக்கு விடாமல் வலது கையைக் கழுவிக்கொண்டிருந்தான். நக்கி நக்கி, மார்பும் ஒரு பக்கமும் ஏற்கெனவே பழைய சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டன. கையை நீட்டினேன். அந்தப் பக்கம் குதித்துவிட்டான்.

கோயிலுக்கு ஓடினேன். உள்ளே பத்துப் பதினைந்து பேர் துடைத்துக்கொண்டும் நாற்காலி போட்டுக்கொண்டும் இருந்தார்கள். அக்கா பீடத்துக்குப் பின்னால் ஏணியின் மேல் நின்று பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார். கைப்பை கீழே ஜன்னல் திட்டில் இருந்தது. அதற்குள் என் இரண்டு மெசேஜ். கோயிலுக்குள் எப்படிச் சத்தம் போடுவது? ஏணிக்குக் கீழே போய் நின்றேன். அக்கா திரும்புவார் என்று நின்றேன். ஊசி எடுக்கத் திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பிள்ள? வீட்ல யாராச்சும் போயிட்டாங்களா?"

"பிலாத்து..." என்றேன்.

"பீட்டருக்கு என்ன?"

"பூனைக்கா. அந்த லில்லித் தூளு. நக்குனா கிட்னி போயிரும்."

அக்கா ஏணியிலிருந்து இறங்கியதாக நினைவில்லை. ஏணியில் இருந்தார், அடுத்து கதவருகே இருந்தார். பட்டுத் துணி ஒரு பக்கம் கட்டியும் ஒரு பக்கம் தொங்கியும் கிடந்தது. ஒன்பது லில்லித் தொட்டியும் வரிசையாகத் தரையில் நின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று மூன்று மாதமாகத் தாளில் படம் போட்டு வைத்திருந்தவர், "ஜோடிக்கிறத நீங்களே பாத்துக்கங்க சிஸ்டர்!" என்று கன்னியர் பக்கம் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடினார். நான் ஒரே ஒரு பூவைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டேன், மருத்துவரிடம் காட்ட.

கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பீட்டர் அண்ணன் ஊதா அங்கியும் தங்கத் தாள் ஒட்டிய கச்சையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "டேய், வண்டிய எடுடா!" என்று அக்கா கத்தியதும், தீர்ப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

வீட்டில் அக்கா, "ஓசிச் சோறு, வாடா," என்றதும் பிலாத்து தானாக வந்து காலில் உரசினான். குழாயடியில் சோப்புப் போட்டு அவனைத் தேய்த்தோம். வாழ்நாளெல்லாம் கழுவிக்கொண்டே இருந்தவனுக்கு, பிறர் கழுவினால் பிடிக்காது என்று அன்றுதான் தெரிந்தது. பீட்டர் அண்ணனின் முன்கையில் ஐந்து கோடு. அங்கி முட்டி வரை நனைந்துவிட்டது. பூனையைத் துண்டில் சுற்றிப் பஞ்சாரத்துக்குள் வைத்து, அடியில் ஒரு தட்டைக் கொடுத்துக் கயிற்றால் கட்டினோம். நாலேகாலுக்கு இருவரும் திருச்சிக்குக் கிளம்பினார்கள். பைக்கில் ரோமாபுரி ஆளுநர், பின்னால் பஞ்சாரத்தை அணைத்தபடி அக்கா.

திருச்சி பிராணி மருத்துவமனையில் நடந்தது எனக்குப் பீட்டர் அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

"பேஷன்ட் பேரு என்னங்க?" என்று கேட்டதாம் சீட்டு எழுதும் பெண்.

"பிலாத்து."

அந்தப் பெண் ஈர அங்கியையும் தங்கக் கச்சையையும் பார்த்துவிட்டு, "சார், வேஷம் தெரியுது. பூனை பேரச் சொல்லுங்க," என்றதாம்.

"பூனை பேருதாம்மா பிலாத்து. எம்பேரு பீட்டரு."

குழப்பத்தில் அந்தப் பெண் பூனையின் பெயர் பீட்டர், கூட வந்தவர் பிலாத்து என்று எழுதிவிட்டது. அடுத்த மூன்று நாளும் மருந்துப் பாட்டிலில் 'பீட்டர், ஆண், இரண்டு வயது' என்றே இருந்தது.

டாக்டர் பூவைப் பார்த்ததும் வேறெதுவும் கேட்கவில்லையாம். "எத்தனை மணிக்கு நக்குச்சு?" என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்: "இதுக்குன்னு முறிவு மருந்து கிடையாதும்மா. இப்பவே ட்ரிப் போட்டு ரெண்டு மூணு நாள் ஏத்தினா கிட்னியக் காப்பாத்தலாம். இப்பப் பாத்தா நல்லாத்தான் இருப்பான். அத நம்பி வீட்லயே வச்சிருந்து ரெண்டு நாள் கழிச்சு வர்றவங்கதான் அதிகம். அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நல்லா ஒண்ணுக்குப் போறானான்னு பாக்கணும். போனான்னா பாதிக் கெணறு தாண்டியாச்சு."

அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பீட்டர் அண்ணன் மட்டும் திரும்பி வந்து, "நாளைக்கு நாடகம் இருக்கு, நான் அங்க தங்க முடியாது. அக்காவுக்கு மாத்துத் துணி குடும்மா," என்று அக்காவின் புடவையை என்னிடம் வாங்கிக்கொண்டு மறுபடியும் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று நள்ளிரவு உயிர்ப்புத் திருப்பலிக்கு அக்கா வரவில்லை. பதினான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவர் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு உயிரோடு வளர்த்த லில்லி பீடத்தில் எப்படி இருந்தது என்று அவர் பார்க்கவேயில்லை. கன்னியர் நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். படம் எடுத்து அனுப்பினேன். 'ஏழாவது தொட்டி கோணலா இருக்கு' என்று பதில் வந்தது. அதோடு, 'அவன் இன்னும் ஒண்ணுக்குப் போகல' என்றும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அக்காவின் போன் வந்தது. கோயில் வாசலில் நின்றிருந்த நான் எடுத்தேன்.

"ஹரிணி, பூசை முடிஞ்சிருச்சா?"

"முடியப் போவுதுக்கா."

"ஐயோ! முடிஞ்சதும் பீடத்துப் பூவ ஆளுக்கொண்ணு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாங்க பிள்ள. ஆசீர்வாதம்னு சாமி படத்துக்கு வச்சிருவாங்க. எத்தன வீட்ல பூனை கெடக்கு! ஓடு. சாமியார்கிட்டப் போனக் குடு."

கோயில் நிரம்பி, வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். அறிவிப்பு நேரம் வந்துவிட்டது. அத்தனை கண்களுக்கு நடுவே பீடம் வரை நடந்தது எனக்கு அரிமளத்திலிருந்து ஆவூருக்கு நடந்தது போல இருந்தது. போனை நீட்டினேன். "பிளெஸ்ஸி அக்கா," என்றேன். சாமியார் காதில் வைத்துக் கேட்டார். ஸ்பீக்கரைப் போட்டு மைக்கிடம் பிடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க!" அங்கன்வாடிக் குரல் நான்கு ஒலிபெருக்கியிலும் வந்தது. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை நிறுத்தியது. "லில்லியப் பூனை இருக்கிற வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. எலை, பூவு, தண்டு, பூ வச்ச தண்ணி, எதுவும் ஆகாது. கவியரசன் வீட்ல ரெண்டு பூனை இருக்கு. சத்யா, ஒன் வீட்ல குட்டி போட்டிருக்கு, எனக்குத் தெரியும். அழகி பெரியம்மா, எங்க வீட்ல பூனையே இல்லன்னு சொல்லாதீங்க, தெருப் பூனை ஒங்க வீட்லதான் சாப்புடுது. எடுத்ததக் கீழ வைங்க!"

முன் வரிசையில், ஏற்கெனவே ஒரு தண்டைக் கையில் வைத்திருந்த ஒரு பெரியவர் மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ஒம்போதும் அங்கேயே இருக்கட்டும். பீட்டரு குழி வெட்டிப் பொதைச்சிருவான். அவ்வளவுதான். எல்லாருக்கும் உயிர்ப்புப் பெரு..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்வது கேட்டது. அடுத்து ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"மாதாவே! ஒண்ணுக்குப் போயிட்டான்! ஹரிணி, போயிட்டான் பிள்ள! தட்டு நெறைய!"

சாமியார் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "அல்லேலூயா," என்றார். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு, பாடகர் குழு பாட ஆரம்பித்த பிறகும் அடங்கவில்லை.

அன்று மாலை நாடகத்தில், பீட்டர் அண்ணன் கிண்ணத்தில் கையை விட்டபோது ஐந்து கீறல்மேல் தண்ணீர் பட்டு "ஸ்ஸ்" என்றார். நல்ல நடிப்பு என்று பலர் பாராட்டினார்கள்.

செவ்வாய் மாலை பூனை வீட்டுக்கு வந்தது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. ட்ரிப் போட்ட முன்னங்காலில் முடியை மழித்திருந்தார்கள். அந்தக் கால் மட்டும் ரவிக்கை போட்ட கை போலத் தெரிந்தது. பிலாத்து துவைக்கிற கல்லில் ஏறி அந்தக் காலைப் பார்த்தான். தன்னுடையது இல்லை என்று முடிவு செய்து, இன்னொரு காலைக் கழுவ ஆரம்பித்தான்.

அக்கா உட்காரவில்லை. "போன எடு பிள்ள," என்றார். தோட்டத்தை ஒரு சுற்று சுற்றினோம். அவர் ஒவ்வொரு செடியையும் விசாரிப்பார், நான் ஆங்கிலத்தில் தேடிப் பார்த்துத் தமிழில் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

"செவ்வரளி?"

"இதயம் நின்னுரும்க்கா."

"தெருவழகுக்குன்னு வேலி முழுக்க வச்சேனே! சரி, போ. கேட்டுப் பக்கம் ரெண்டு நிக்குதே, ஈச்ச மாதிரி, சைகஸு? ஒங்க ஜஸ்டின் அண்ணன் மொத லீவுல வாங்கிட்டு வந்து வச்சது."

"ஈரல் போயிரும். கொட்டை ரொம்ப மோசமாம்."

அக்கா சற்று நின்றார். "அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். திரு இருதயப் படத்துக்குக் கீழ இருக்கிற பெரிய எலை?"

"டிஃபன்பேக்கியா. கடிச்சா வாயெல்லாம் எரிஞ்சு வீங்கும். மணி பிளான்ட்டும் அப்படித்தான்."

"வேலியில ஏறிக் கெடக்கே, செங்காந்தள்?"

"அது கெழங்குலருந்து பூ வரைக்கும் விஷம்க்கா. மனுஷங்களுக்கும்."

"சாமந்தியாச்சும் நல்லவளா?"

"லேசா வயித்தக் கெடுக்கும்."

"சாமந்தியுமா!" அக்கா இடுப்பில் கை வைத்து நின்று தோட்டத்தை முழுதாக ஒரு முறை பார்த்தார். இருபத்தாறு பிள்ளைகளில் யார் கிள்ளியது என்று தேடுகிற பார்வை. "இத்தன நாளா கொலகாரக் கூட்டத்துக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன். நல்லவங்க யாருதான் இருக்கா இங்க?"

"ரோஜா, மல்லி, செம்பருத்தி. ஜெர்பெரா வாங்கி வைக்கலாம்."

"போதும். அடுத்த ஈஸ்டருக்கு மல்லியும் வெள்ளை ரோஜாவும்." துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிலாத்து மழித்த காலோடு நடந்து வந்து மடியில் ஏறினான். அக்கா மடித்துணியை ஒரு முறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் ஏற விட்டார்.

அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. "அக்கா, அன்னைக்கு அந்தத் தாள்ல இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. தூளப் பத்தி. நான் வாசிக்கல."

அக்காவின் கை பூனையின் முதுகில் நின்றது.

"ஏன் பிள்ள?"

"பீட்டர் அண்ணன் சிரிச்சாங்க."

"அவன் பொறந்ததுலருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்." திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. பூனை மடியில் புரண்டு படுத்தது. அக்கா அதன் மழித்த காலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், விட்டார்.

"சரி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்குறேன். செய்வியா?"

தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாத, வாயத் தொறந்து சொல்லு."

"செய்யுறேன்க்கா."

"இனிமே எதுவா இருந்தாலும் எனக்கு மெசேஜ் போடாத. மாடியில நின்னு எம்பேரச் சொல்லிக் கத்து. நான் கோயில்ல இருந்தாலும், ஏணியில இருந்தாலும், எவன் சிரிச்சாலும். தெருவே திரும்பிப் பாத்தாலும் பரவாயில்ல." பூனையின் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டார். "எங்க, மேல போயி ஒரு தடவ கத்து, கேப்போம்."